இடிந்த கோட்டையும் எழுந்த இறங்குதுறையும்

முன்னோர் கட்டி வைத்ததைப் பின்னோர் இடிக்கலாமா? இக்கேள்வியைக் கேட்டவுடனே நம்மிற் பலர் "கூடாது" என்றே சொல்லிவிடுவோம். தகப்பன் கட்டிய வீட்டில் மகன் கை வைத்தால் ஊர் முணுமுணுக்கும். பழைய கோவில் ஒன்றின் சுவர் சரிந்தால் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர் இல்லை. ஆயினும் அந்தச் சுவரின் கல்லை எடுத்து ஏழையொருவன் தன் கிணற்றுக்குக் கட்டு வைத்தானென்றால் அவனைக் குற்றவாளி என்று நாம் தீர்ப்பிடுவோமா? இங்கேதான் மனம் தடுமாறுகின்றது. இறந்தோருக்கு நாம் பட்ட கடனும் இருப்போருக்கு நாம் பட்ட கடனும் ஒரே கல்லின் மீது உரிமை கோரும்போது எதற்கு முதலிடம் கொடுப்பது?

இதனைச் சிந்திப்பதற்கு அயர்லாந்து நாட்டிலே ஓர் ஏரிக்கரைச் சிற்றூர் நமக்கு உதவுகின்றது. அதன் பெயர் கரிகெனடி.

ஊரும் ஏரியும்

அயர்லாந்தின் மிக நீண்ட ஆறு ஷனன். ஏறக்குறைய 360 கிலோமீற்றர் ஓடிக் கடலிற் கலக்கும் இந்த ஆறு, வழியிலே விரிந்து விரிந்து ஏரிகளாகின்றது. அவற்றுள் பெரியதும் கடைசியானதும் லொக் டேர்க் என்னும் ஏரியாகும். 'லொக்' என்றால் ஐரிஷ் மொழியில் ஏரி. புனித பத்திரிசியாரின் உத்தரிக்கிற ஸ்தலம் என்று பெயர் பெற்ற யாத்திரைத் தீவைக் கொண்டதும் ஒரு லொக் டேர்க் தான். ஆனால் அது வடக்கே டொனிகோல் பகுதியில் உள்ள சிறிய ஏரி. நாம் பேசுவது கிளெயர், கோல்வே, திப்பெறரி என்னும் மூன்று மாவட்டங்களுக்கு நடுவே கிடக்கும் பெரிய ஏரியைப் பற்றி.

இதன் கிழக்குக் கரையில், திப்பெறரி மாவட்டத்திலே, மரங்கள் அடர்ந்த ஒரு சிறு குடாவில் கரிகெனடி அமைந்துள்ளது. 'ஓகெனடி குடும்பத்தாரின் தோட்டம்' என்பது அப்பெயரின் பொருள். ஓகெனடிமார் இப்பகுதியை ஆண்ட பழைய ஐரிஷ் குலத்தவர். ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது கத்தோலிக்கக் குடியரசுத் தலைவராகிய ஜோன் கெனடியின் குடும்பப் பெயரும் இதுவே. எனினும் அவருடைய முன்னோர் கப்பலேறியது வெக்ஸ்போர்ட் மாவட்டத்திலிருந்து.

ஊருக்குச் செல்பவர் முதலிற் காண்பது இறங்குதுறை. கல்லாற் கட்டிய பழைய துறைமேடை காற்றையும் அலையையும் தடுத்து நிற்கின்றது. அதன் ஓரத்திலே, நீருக்கு அருகே, பதினைந்தாம் நூற்றாண்டில் ஓகெனடிமார் எழுப்பிய கோபுரக் கோட்டையின் எச்சம் நிற்கின்றது. அக்காலத்திலே இத்தகைய கோட்டைகள் அயர்லாந்தெங்கும் எழுந்தன. தடித்த சுவர், அம்பு எய்வதற்குக் குறுகிய பிளவுகள், ஒருவர் பின் ஒருவராக மட்டும் ஏறக்கூடிய திருகுபடி, கீழே களஞ்சியம், மேலே தலைவனின் குடும்பம் என்பதே அவற்றின் அமைப்பு. கரிகெனடியில் இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே.

மீதி எங்கே போயிற்று? பீரங்கி அதை முழுவதும் விழுங்கிவிடவில்லை, மழையும் கரைத்துவிடவில்லை. ஊரின் வரலாறு சொல்லும் பதில் எளியது. கோட்டையின் கற்களைப் பெயர்த்தெடுத்தே பழைய இறங்குதுறையைக் கட்டினார்கள். துறைமேடையிலே நிற்கும் ஒருவர், தம்மையறியாமலே, கோட்டையின் மீதுதான் நிற்கின்றார்.

ஏன் இடித்தார்கள்?

1649ஆம் ஆண்டிலே ஒலிவர் குறொம்வெல் படையோடு அயர்லாந்தில் இறங்கினார். 1652இல் பிறந்த குடியேற்றச் சட்டத்தின்படி கத்தோலிக்க நிலவுடைமையாளர்களின் காணிகள் பெருமளவிற் பறிக்கப்பட்டன. ஓகெனடிமாரைப் போன்ற பழைய குலங்களின் ஆட்சி அத்தோடு அழிந்தது. அதன்பின் வந்த தண்டனைச் சட்டங்களின் காலத்திலே கத்தோலிக்கன் ஒருவன் நிலம் வாங்கவும், பாராளுமன்றத்தில் அமரவும் உரிமையற்றிருந்தான். மறைந்து வந்த குருக்கள் வெளியிடங்களிலே பாறைகளைப் பீடமாகக் கொண்டு பூசை ஒப்புக்கொடுத்தார்கள். டானியல் ஓகொனலின் அயராத முயற்சியாற் பாராளுமன்றக் கதவு திறந்தது 1829இல் தான்.

தலைவனில்லாத கோட்டை வெறுங் கற்குவியல். மறுபுறத்தில் ஏரிக்குப் புதுவாழ்வு பிறந்தது. டப்ளின் நகரையும் ஷனன் ஆற்றையும் இணைக்கும் பெருங்கால்வாய் 1804ஆம் ஆண்டளவில் முழுமை பெற்றது. ஏரிக்கரை ஊர்களிலிருந்து தலைநகருக்கு நீர்வழியாகவே பொருள்கள் போகலாமென்று ஆயிற்று. வண்டிப்பாதை மோசமாக இருந்த அக்காலத்தில் ஓர் இறங்குதுறை உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் இருந்த வேறுபாடு கொஞ்சமன்று. படகு அணையும் இடத்திலே கூலி உண்டு, விற்பனை உண்டு, செய்தி உண்டு. துறை கட்டக் கல் வேண்டும். கைக்கெட்டும் தூரத்திலே, செதுக்கிய கல், சுமக்க வண்டி வேண்டாத கல், அடுக்கி வைத்தாற்போல் நின்றது. எடுத்தார்கள்.

இதைப் பாவம் என்பதா, விவேகம் என்பதா?

இடிக்கக் கூடாது என்போர்

ஒரு சாரார் சொல்லுவதைக் கேட்போம். ஓர் இனத்திடம் நிலம் போயிற்று, சட்டம் போயிற்று, நாளடைவில் மொழியும் பெரும்பாலும் போயிற்று. எஞ்சியது சில சுவர்கள். அந்தச் சுவரையும் தாமே பெயர்த்தெடுத்தால், பகைவன் தொடங்கியதைத் தாமே முடித்து வைத்ததாகாதா? பசி இன்று வரும், நாளை போகும். இடித்த கோட்டை திரும்பி வராது. ஒரு தலைமுறையின் தேவைக்காக எல்லாத் தலைமுறைகளுக்கும் உரியதைச் செலவழிக்க எவருக்கு அதிகாரம் உண்டு?

இந்த வாதத்தில் பலம் உண்டு. இன்னுமொன்றையும் இவர்கள் சொல்லலாம். கரிகெனடித் துறையிலே இப்போது சரக்குப் படகு கிடையாது. பெருங்கால்வாயிலே கடைசிச் சரக்குப் படகுகள் 1960ஆம் ஆண்டோடு நின்றுபோயின. இன்று அங்கே அணைபவை விடுமுறைக்கு வருவோரின் உல்லாசப் படகுகள். அவர்கள் எதைப் பார்க்க வருகின்றார்கள்? ஏரியையும் அந்த உடைந்த கோட்டையையும்! பயனில்லையென்று இடித்ததுதான் இன்று ஊருக்குப் பயன் தருகின்றது. ஆகவே பயன் என்பதைக்கூட ஒரு தலைமுறையின் கண்ணால் அளக்க முடியாதென்பது இதிலிருந்து விளங்குகின்றது.

இடித்தது சரியே என்போர்

மற்றச் சாராரையும் கேட்போம். கோட்டைக்கு ஓகெனடி என்று பெயர். ஆனால் கல்லை உடைத்தவன் ஓகெனடித் தலைவனா? சுண்ணாம்பு குழைத்தவன் அவனா? பெயரில்லாத குடியானவர்கள் முதுகிலே சுமந்து ஏற்றிய கல் அது. அந்தக் கோட்டைக்குள் அவர்களுக்கு இடமும் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தலைவனைக் காத்த கல், பின்பு அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் படகைக் காத்ததென்றால், அது கொள்ளையா? கடன் திரும்பக் கிடைத்ததென்றே சொல்லலாம்.

இவர்களுடைய வாதத்துக்கு அந்த நாட்டின் துயர வரலாறும் துணை நிற்கின்றது. 1841ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலே அயர்லாந்தில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். இன்னுமொரு 10 இலட்சம் பேர் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். 1851இல் எண்ணிப் பார்த்தபோது 65 இலட்சம் அளவிலே தான் மக்கள் மிஞ்சியிருந்தார்கள். இத்தகைய நாட்டிலே பழஞ்சுவரின் அழகைப் பற்றிப் பட்டினி கிடப்பவனிடம் யார் போய்ப் பேசுவது?

ஆனால் அதே பஞ்சகாலம் எதிரான ஒரு பாடத்தையும் கற்பிக்கின்றது. பசித்தவனுக்குச் சும்மா கொடுத்தால் சோம்பேறியாவான் என்று அஞ்சிய அரசு, கல்லுடைக்கவும் வீதி போடவும் மக்களை ஏவியது. 1847 மார்ச் மாதத்தில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வேலையில் இருந்தார்கள். எங்கும் போய்ச் சேராத வீதிகள் சில மலைச்சாரல்களில் இன்றும் கிடக்கின்றன. உடைக்கும் கையில் வலு இல்லை, உடைத்த கல்லால் பயனும் இல்லை. ஆகவே 'மக்கள் தேவை' என்ற சொல்லைச் சொன்னவுடன் எல்லாம் நியாயமாகிவிடாது. அந்தத் தேவை மெய்யானதா என்று கேட்க வேண்டும்.

அயலிலே இரண்டு சாட்சிகள்

கரிகெனடிக்கு அயலில் உள்ள இரண்டு இடங்கள் இவ்வழக்கிலே சாட்சி சொல்லக்கூடியவை.

முதலாவது நீனா பட்டணம். அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பட்லர் குடும்பத்தார் கட்டிய வட்டக் கோபுரம் ஒன்று சுமார் 100 அடி உயரத்தில் நிற்கின்றது. அதன் அடிப்பாகத்திலே ஒரு பெரிய ஓட்டை. 1750ஆம் ஆண்டளவில் கமக்காரர் ஒருவர் தமது பார்லித் தானியத்தைத் தின்ற சிட்டுக்குருவிகளின் கூடுகளை ஒழிப்பதற்காக வெடிமருந்து வைத்தார் என்பது அவ்வூரார் இன்றும் சொல்லும் செய்தி. கோபுரம் விழவில்லை, ஓட்டை மட்டும் நிலைத்தது. அவருக்கும் ஒரு தேவை இருந்தது என்பது உண்மையே. ஆனால் குருவிக்கும் கோபுரத்துக்கும் உள்ள அளவு அவருக்குத் தெரியவில்லை. சிறிய தொல்லைக்காகப் பெரிய பொருளை அழிக்கத் துணிவது மனிதரின் பழைய நோய்.

அதே கோபுரத்தின் உச்சியைப் பாருங்கள். இப்போது அங்கே காணப்படும் கொத்தளங்கள் பட்லர்மாரின் வேலையன்று. 1860ஆம் ஆண்டளவில் கில்லலூ மறைமாவட்டத்தின் ஆயர் மைக்கேல் ஃபிளானரி ஆண்டகை அதைச் செப்பனிட்டு உயர்த்தினார். பேராலயமொன்று கட்டி, இக்கோபுரத்தை அதன் மணிக்கூடாக்க வேண்டுமென்பது அவருடைய எண்ணம். பேராலயம் எழவேயில்லை. ஆயினும் அந்த எண்ணத்தின் அழகைக் கவனியுங்கள். வெற்றி கொண்டவர்களின் போர்க் கோபுரத்தை இடிக்க வேண்டாம், மக்களைச் செபத்துக்கு அழைக்கும் மணிக்கு இடமாக்குவோம் என்று அவர் நினைத்தார். இடிப்பதற்கும் சும்மா வைத்திருப்பதற்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டென்பதை அந்த நிறைவேறாத கனவு காட்டுகின்றது.

இரண்டாவது சாட்சி ஏரியின் மறுகரையிலே, மவுன்ற்ஷனன் என்னும் ஊருக்கு எதிரே கிடக்கும் இனிஷ் கெல்ட்றா, அதாவது திருத்தீவு. ஏழாம் நூற்றாண்டிலே புனித கைமின் இங்கே மடமொன்றை விளங்கச் செய்தார். வைக்கிங் கொள்ளையர் ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளில் வந்து சூறையாடினார்கள். பெருமன்னர் பிரையன் போரு ஆலயத்தைத் திருத்தினார் என்பர். இன்று அங்கே கூரையில்லாத ஆலயங்களும், முடியிழந்த ஒரு வட்ட மணிக்கோபுரமும், பழைய கல்லறைகளும் உள்ளன. இங்கும் செதுக்கிய கல் ஏராளம், படகும் உண்டு. ஆயினும் கரிகெனடிக் கோட்டைக்கு நேர்ந்தது இத்தீவுக்கு நேரவில்லை. துறவிகள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆனபின்னும் மக்கள் தங்கள் இறந்தோரைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கேயே அடக்கம் செய்துவந்தார்கள். தாயும் தகப்பனும் உறங்கும் இடத்திலே கல்லைப் பெயர்க்க எவன் கை நீளும்? காவலாளி இல்லை, வேலி இல்லை. அன்பே அத்தீவைக் காத்தது.

நம் வழக்கு

இங்கே நமது நெஞ்சைத் தொடும் ஒரு தொடர்பையும் சொல்லாமல் விடமுடியாது. அயர்லாந்திலிருந்து வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அவர்களில் ஒருவரான அருட்தந்தை திமோத்தி லோங் அடிகளார், யாழ்ப்பாணப் பொது நூலகம் எழுவதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர். கோட்டை இழந்த நாட்டிலிருந்து வந்தவர் நமக்குப் புத்தகக் கோட்டை கட்ட உதவினார். 1959இல் திறக்கப்பெற்ற அந்நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாத முடிவிலே, ஓரிரவிலே, ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. எரித்தவர்களுக்கு அந்தக் கல்லோ காகிதமோ தேவைப்படவில்லை. எடுத்துப் பயன்படுத்துவதற்காக இடிப்பதற்கும், இல்லாமற் செய்வதற்காகவே அழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டியதில்லை.

எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விடுவதா, மீண்டும் எழுப்பி நூலகமாக்குவதா என்ற கேள்வியும் பின்னாளில் எழுந்தது. இரு பக்கத்திலும் நல்லவர்களே இருந்தார்கள். புண்ணை மூடினால் மறந்துவிடுவோம் என்று சிலர் அஞ்சினார்கள். பிள்ளைகள் வாசிக்க இடமில்லாமல் புண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருப்பதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். கடைசியில் நூலகம் மீண்டும் நூலகமாயிற்று. இன்று பிள்ளைகள் அங்கே இருந்து படிக்கின்றார்கள்.

எப்படித் தீர்ப்பது?

ஆகவே பழையதன்மேல் கை வைக்குமுன் மனச்சாட்சி நம்மிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று என்று தோன்றுகின்றது.

முதலாவது: இது யாருடைய தேவை? உண்ணவும் உழைக்கவும் வழியில்லாதவனின் தேவையா, அல்லது நமது வசதியும் வீம்புமா? இறங்குதுறைக்காகப் பெயர்த்த கல்லையும் குருவிக்காக வைத்த வெடியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தீர்மானிப்பவர் யாரென்பதும் இக்கேள்விக்குள் அடங்கும். அந்நாளைய அயர்லாந்திலே நிலம் எவருடையதோ கல்லும் அவருடையதே. குடியானவனின் மனதைக் கேட்கும் வழக்கம் இருக்கவில்லை. ஊரின் பொதுச் சொத்தை ஊரைக் கேளாமல் எவரும் தொடுவது, நல்ல நோக்கத்தோடு தொட்டாலும், குறையே.

இரண்டாவது: நினைவுக்கு ஏதாவது மிஞ்சுமா? கரிகெனடியிலே கோட்டை முழுவதும் போய்விடவில்லை. ஒரு பகுதி நின்றபடியாற்றான், துறைமேடையின் கல் எங்கிருந்து வந்ததென்று இன்றும் சொல்ல முடிகின்றது. அந்தச் சுவர் இல்லாவிட்டால் துறைமேடை வெறும் துறைமேடை. எடுப்பவன் எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. வயலிலே அறுவடை செய்பவன் ஓரத்துக் கதிர்களை ஏழைக்கு விடவேண்டுமென்ற பழைய ஏற்பாட்டுக் கட்டளை நமக்குத் தெரியும். இன்னும் பிறவாத பிள்ளைகளும் ஒருவகையில் ஏழைகளே. தங்களுக்காக வாதாட அவர்களுக்கு வாயில்லை. அவர்களுக்கும் ஓர் ஓரம் விடுவோம்.

மூன்றாவது: நன்றியோடு செய்கின்றோமா, இகழ்ச்சியோடு செய்கின்றோமா? எட்டாம் ஹென்றி மன்னன் காலத்திலே, 1536க்குப் பின், அயர்லாந்தின் மடங்கள் மூடப்பட்டன. கட்டடங்களும் காணிகளும் செல்வாக்குள்ளோரின் கைக்குப் போயின. அங்கும் கல்லாலே வீடுகள் எழுந்திருக்கலாம். ஆனால் அங்கே ஒரு வாழ்வையே தூக்கியெறிந்து அதன்மேற் குடியேறினார்கள். முன்னோர் தந்தது என்ற எண்ணத்தோடு எடுத்தவன் கையில் கல் சுதந்தரமாகின்றது. ஒழியட்டும் என்று எடுத்தவன் கையில் அது கொள்ளைப் பொருளாகின்றது. கல் ஒன்றுதான், எடுக்கும் மனமே வேறு.

இம்மூன்றையும் கேட்டு ஆமென்று சொல்லக்கூடிய இடத்தில், பழையதை எடுத்துப் புதியதைக் கட்டுவது குற்றமன்று என்பதே நமது முடிபு. கல்லைக் காப்பது கடமைதான். ஆனால் கல்லை அடுக்கியவர்கள் எதற்காக அடுக்கினார்களோ, அந்தப் பாதுகாப்பும் வாழ்வும் தொடரச் செய்வது அதிலும் பெரிய கடமை. தன் குடும்பத்தைக் காக்கத்தான் ஓகெனடி கோட்டை கட்டினான். புயலுக்கு ஒதுங்க வந்த படகுக்காரனையும் அந்தக் கல்லே காத்தது. கட்டியவன் விரும்பிய காரியம் அவன் நினையாத முறையிலே, அவன் நினையாத மனிதர்களுக்காக, நடந்தேறியது.

நமது வீடுகளிலும் நமது ஊர்களிலும் இடிந்தவை பல உண்டு. சிலவற்றை நாமே இடித்தோம்; பலவற்றைப் பிறர் இடித்தார்கள். அவற்றைச் சுற்றி நின்று அழுவதற்கு ஒரு காலம் உண்டு. அதன்பின், எதை நிற்கவிடுவது, எதை எடுத்துப் பிள்ளைகளுக்குத் துறையாகக் கட்டுவது என்று குடும்பமாய் இருந்து பேசித் தீர்மானிக்க வேண்டிய காலமும் உண்டு. கட்டி முடித்தபின் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்று, "இந்தக் கல் அங்கேயிருந்து வந்தது" என்று சொல்லிக் கொடுக்க மறவாதிருப்போமாக. சொல்லிக் கொடுக்காவிட்டால் கல் மட்டுமே அவர்களிடம் போய்ச் சேரும்.